பதினேழு

ஊர் எழுத்தர் வேலை எனக்கு.
பிறப்பு, இறப்பு, திருமணம், நாய் உரிமம்,
இரண்டு ஆண்டுக்கொரு நவம்பரில் வாக்குச்சீட்டு.
மேய்ன் மாநிலத்தின் வடக்கு விளிம்பு இது,
ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு.
உருளைக்கிழங்குக்கு அடுத்தபடியாக
எண்ணுவதற்கு இங்கே மனிதர்கள்தாம் மிச்சம்,
அந்தக் கணக்கும் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது.

தலைநகரிலிருந்து ஒரு பையன் அழைத்தான்:
"ஃபெர்னாந்த் தெஷேன், பேரவை முன்னாள் உறுப்பினர்.
போட்டியிட்ட தேர்தல்கள், வாக்கு வித்தியாசம்.
கையேட்டுக்கு வேண்டும். அரைப் பக்கம்."

அரைப் பக்கம் தாராளம்.
தொண்ணூற்றிரண்டு, தோல்வி, நானூற்றிரண்டு.
தொண்ணூற்று நான்கு, தோல்வி, எண்பத்தெட்டு.
தொண்ணூற்றாறு, வெற்றி,
பதினேழு.
என் குரல் அங்கே ஒரு படி இறங்கியது.
அவன் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

மறு எண்ணிக்கைக்கு ஜன்னலில்லாத அறை ஒன்று.
எங்கள் ஊர்ப் பெட்டியில் ஒரு சீட்டு:
குறி கட்டத்துக்கு வெளியே,
ஓரத்தில் மண் படிந்த பெருவிரல்.
செல்லாது என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.
கிழங்கு தரம் பிரிக்கும் மாதத்தில்
எங்கள் ஊரில் சுத்தமான விரல்
பாதிரியாருக்குக்கூட இருக்காது என்றேன்.
சிரித்தார்கள். சேர்த்துக்கொண்டார்கள்.
அது இல்லாவிட்டால் பதினாறு, அவ்வளவுதான்,
எதுவும் மாறியிருக்காது.
ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க
கை குலுக்கும்போதெல்லாம் ஃபெர்னாந்த்
எதிராளியின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டு, அறுநூற்றுப் பதினொன்று.
இரண்டாயிரம், எதிர்ப்பவர் இல்லை
(எதிர்ப்பு இல்லை என்று எழுதாதே தம்பி,
ஆள் இல்லை என்று எழுது).
கொண்டுவந்த மசோதாக்கள் பதிமூன்று.
நிறைவேறியவை இரண்டு:
ஒன்று பாலத்தில் தூவும் உப்பைப் பற்றி,
மற்றதை நானும் மறந்துவிட்டேன்.
ஐந்து மணி நேரம் பனியில் காரோட்டிப் போய்
பேரவையில் மூன்று நிமிடம் பேசுவாள்.
பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் நின்றதால்
அந்த மூன்று நிமிடமும் நொண்டும்.

இரண்டாயிரத்து நான்கு,
தோல்வி, ஆயிரத்து நூற்று முப்பது.
"ஏன் இவ்வளவு பெரிய சரிவு?"
பையன் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டான்.
கையேட்டில் அதற்கு இடமில்லை என்றேன்.

மூன்று சிறிய பள்ளிகளை மூடும் சட்டத்துக்கு
அவள் ஆம் என்று கை தூக்கினாள்.
அதில் ஒன்று எங்கள் பள்ளி.
இடைவேளையில் பிரெஞ்சு பேசியதற்காக
'ஆங்கிலம் பேசுவேன்' என்று நூறு முறை
கரும்பலகையில் அவள் எழுதிய பள்ளி.
அடுத்த பலகையில் நான்.
பழி தீர்த்துவிட்டாள் என்றது பெட்ரோல் நிலையம்.
கூரை என்றாள் அவள்,
பனி ஏறினால் அந்தக் கூரை தாங்காது என்றாள்,
வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்,
என் வீட்டு வாசலிலும் நின்று சொன்னாள்.
காபி கொடுத்தேன்.

எங்கள் ஊரில் அவளுக்கு முப்பத்தொன்று,
மற்றவனுக்கு நூற்றுத் தொண்ணூறு.
இரண்டு கட்டுகளையும் நானே எண்ணி நானே கட்டினேன்.
என் சீட்டு எந்தக் கட்டில் என்று
பதிவேட்டில் இல்லை, இருக்கவும் கூடாது.
சீட்டை மடிப்பது அதற்குத்தான்.

இப்போது அந்தக் கட்டடத்தில் கிழங்கு மூட்டைகள்.
கூரை இன்னும் விழவில்லை.
ஒவ்வொரு பனிக்கும் நிமிர்ந்து பார்க்கிறேன்.
எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜனவரியில் வந்தாள், நாய் உரிமம் புதுப்பிக்க.
பெயர், நிறம், தடுப்பூசித் தேதி.
சில்லறையைச் சரியாக எண்ணி வைத்தாள்.
ரசீதை நீட்டினேன்.
பழைய பழக்கம்,
வாங்கும்போது என் பெருவிரலைப் பார்த்தாள்.

மையாக இருந்தது.