ஐப்பசி இருப்பு

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பதரை.
டானிங்டனில் கடைசிப் பேருந்தும் திரும்பிப் போயாயிற்று.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பெள்ளிராஜ் ஏணியில் நின்று சொல்லச் சொல்ல
நான் எழுதுகிறேன்.
தீப்பெட்டி பதினொரு பண்டல்.
ஒன்று எலி கடிச்சிருக்கு அக்கா, சேர்க்கவா, விடவா?
சேர்.
எலிக்கும் ஒரு வரி உண்டு இந்த நோட்டில்.

ஆடிட்டர் குன்னூர்க்காரர்.
கழிவு, களவு என்று
இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.
அவர் நாக்கில் இரண்டும் ஒன்றுதான்.
போனில் கேட்பார்:
கலவுல எவ்வளவும்மா வந்துச்சு?
எந்தக் கலவு சார்?
அழுகினதாம்மா, அடிச்சிட்டுப் போனதா?

அழுகினது சுலபம்.
லாரி வராத மூன்று நாளில் கேரட் நாற்பது கிலோ.
பூஞ்சை பிடித்த வர்க்கி எட்டுப் பாக்கெட்.
தைல டின்னின் மூடி தளர்ந்து
ஒன்றேகால் லிட்டர் காற்றோடு போனது.
காற்றோடு போனால் பரவாயில்லை, அது இயல்பு என்கிறார்.

அடித்ததற்குத்தான்
ஆள் வேண்டும், தேதி வேண்டும்,
ஸ்டேஷன் முத்திரை வைத்த தாள் வேண்டும்.

தை மாதம் பின்கதவைப் பெயர்த்துக் கரடி வந்தது.
ஆறு கிலோ வெல்லம், ஒரு டின் கடலெண்ணெய்,
தராசின் தட்டு ஒன்று நசுங்கல்.
களவில் எழுதினால் எஃப்.ஐ.ஆர். எங்கே என்பார்கள்.
கழிவில் எழுதினேன், ஆடிட்டர் சிரித்தார்.
கடைசியில் மார்ஜினில்
'கரடி' என்றே எழுதி
எதிரே தொகை போட்டேன்.
நோட்டிலேயே சந்தேகமில்லாத வரி அது ஒன்றுதான்.

ஷாம்பூச் சரத்தில் இருபத்திரண்டு குறைகிறது.
பேட்டரி ஓர் அட்டை, முழுசாக.
இதெல்லாம் கை. யாருடைய கை என்று தெரியாவிட்டாலும்
கை.

ஏலக்காய் ஐம்பது கிராம்.

இங்கே பேனா நிற்கிறது.
போன வருடமும் இதே ஐம்பது.
அப்போது ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில்
எப்சிபா நின்றிருந்தாள்.
பையைத் திறந்து காட்டச் சொன்னேன்;
காட்டினாள்.
ஒரு குடை, ஒரு டிபன் பாக்ஸ், பஸ் பாஸ்.
அன்றைக்குக் கொண்டுபோயிருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.
பன்னிரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு
நிறுத்தினேன்.

பழைய தாள்களைப் புரட்டுகிறேன்.
ஐப்பசி இருப்பு:
தேயிலைத் தூள் இரண்டு கிலோ முந்நூறு கூடுதல்.
கல்லுப்பு நான்கு கிலோ கூடுதல்.
ஏலக்காய் நாற்பத்தைந்து கிராம் கூடுதல்.
பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு டிக்.
கூடினதற்கு யாரும் பை திறக்கச் சொல்வதில்லை.

அந்த மாதம் முழுக்க
மூடுபனி ஷட்டருக்கடியில் நுழைந்து
சாக்குகளின் மேல் படுத்துக்கிடந்தது.
குடித்த தண்ணீரை மாசி வெயிலில்
ஏலக்காய் திருப்பிக் கொடுத்துவிட்டது.
தேயிலை கொடுக்கவில்லை.
அதற்குள் விற்றுவிட்டோம்,
நூறு நூறு கிராமாக,
தோட்டத்திலிருந்து நனைந்து வந்தவர்களுக்கே,
பனியை எடை போட்டு.

இதற்கு ஆடிட்டரிடம் கட்டம் இல்லை.

ஏலக்காய் வரியில் எழுதியிருந்த களவில்
ள-வை அடித்து ழி போடுகிறேன்.
ஓர் எழுத்துதான்.
பன்னிரண்டு நாள் சம்பளம்,
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்,
கொடுக்கவேண்டியவை என்ற தலைப்பில் வருகிறது.
அவள் போனில் என் பெயரை
எப்படிப் பதிந்து வைத்திருப்பாளோ.
முதலில் அழைத்தபோது அடித்து நின்றது.
இரண்டாவது முறை
உடனே துண்டித்தாள்.

அக்கா, தூங்கிட்டீங்களா?
மெழுகுவத்தி, ஏழு டஜன்.
அதுல மூணு உடைஞ்சது.

எழுதுகிறேன்.
உடைந்தாலும் எரியும்.
இருப்பிலேயே வை.