கோட்டைக் கழற்றாதவர்

பதினோரு வாரமாய்
ரௌனோ கோட்டைக் கழற்றவில்லை.
கதவோரத்து நாற்காலி.
மடியில் கையுறைகள், ஒன்றன்மேல் ஒன்றாய்,
இதோ கிளம்பிவிட்ட ஆள்போல.
சன்னலில் கெமித் துறைமுகம், வெள்ளையாய் இறுகி.

"அம்மா?" என்று கேட்டேன்.
"நல்லவர்" என்றார்.
அப்புறம் நாற்பது நிமிடம்
பனியுடைக்கும் கப்பலின் எஞ்சின் பற்றி,
இறங்கி இரண்டு வருடமான கப்பல்.

அவருக்கு முந்தைய மணி வென்லாவுடையது.
இருபத்திரண்டு வயது.
அரைமணி முன்பே வந்துவிடுவாள்.
இரவு இரண்டுக்குக் குறுஞ்செய்தி:
இன்று இரண்டு முறை கடிகாரம் பார்த்தீர்கள்.
என்மேல் கோபமா?

பார்த்தது உண்மை.
அவள் ஓரடி நெருங்கினால்
என் நாற்காலி தானே பின்வாங்குகிறது.
அவர் ஓரடி விலகினால்
குரலைத் தாழ்த்தி, முன்னால் சாய்ந்து,
ஊட்டிவிடப் போகிறவள்போல் ஆகிவிடுகிறேன்.

மேற்பார்வையாளர் ஐலா கேட்டாள்:
"உன் வீட்டில் யார்
அப்படி விலகி விலகிப் போனது?"
காப்பி ஆறிவிட்டது என்றேன்.

பிப்ரவரியில் இரண்டு வாரம் விடுப்பு.
வென்லா அழுதாள்,
தேதிகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.
ரௌனோ தோளைக் குலுக்கினார்.
"எனக்கென்ன."

திரும்பிய செவ்வாய்
வென்லா பத்து நிமிடம் தாமதம்.
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள்
பொறுக்காமல் சிரித்துவிட்டாள்:
"வாசலில்தான் நின்றிருந்தேன்."

ரௌனோ வரவில்லை.
அடுத்த செவ்வாயும்.
கதவோரத்து நாற்காலியை நகர்த்தாமல்
அதன் எதிரே முழு நேரமும் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் செவ்வாய் வந்தார்.
கார் நிறுத்த இடமில்லை.
அறையில் சூடு அதிகம்.
உங்கள் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்துகிறது,
போன மாதம் இரண்டுதான்.

"நான் இல்லாத அந்த வாரங்கள்..."
தொடங்கினேன்.
அவர் சன்னலைப் பார்த்தார்.
"முந்தின நாள் வெட்டிய வழி
இரவோடிரவாய் இறுகிவிடும்.
காலையில் அதே தடத்தில்
மறுபடி போகணும்.
சலித்துக்கொள்ள என்ன இருக்கிறது?
அதற்குத்தானே சம்பளம்."

யார் சம்பளம் என்று கேட்கவில்லை.

கழுத்துப் பொத்தானை அவிழ்த்தார்.
ஒன்றே ஒன்று.
சூடு அதிகம் என்றார், மறுபடியும்.

கோப்பில் எழுதினேன்:
அறை வெப்பம் பற்றிப் புகார்.
கடிகாரத்தைத் திருத்தவில்லை.
அடுத்த செவ்வாய் வந்ததும்
குறைசொல்ல அவருக்கு
ஏதாவது வேண்டும்.