வெயில் குடித்த பங்கு

நைட் டூட்டி முடிந்து
சமாதானபுரம் வீட்டில் பகல் பதினொன்று.
தூக்கம் வரவில்லை.
கப்பலிலிருந்து ஆசீர் கொண்டுவந்த ரம்
பீரோவில், பட்டுச்சேலை அட்டைப்பெட்டிக்குள்.

இருமல் மருந்தின் மூடியில் அளந்தேன்,
பதினைந்து மில்லி.
கிளாசில் மூக்கை விட்டதும் ஸ்பிரிட்.
ஊசிக்கு முன்னால் தேய்க்கிற அதே நெடி.
கை பஞ்சைத் தேடியது.

சோடா இல்லை.
இந்த வெயிலில் கடைக்கு யார் போக?
அப்படியே வைத்துவிட்டு
அவர் சட்டைகளை மடித்தேன், நான்கு.
திரும்பி வந்தபோது
ஸ்பிரிட் போயிருந்தது.
உடன்குடிக் கருப்பட்டியை உடைத்த வாசம்.
அதற்குப் பின்னால் ஜாதிக்காய்,
இன்னும் பின்னால்
மழை நாளில் கோயில் பெஞ்சு.

நாக்கு நனையும் அளவுதான்.
விழுங்காமல் வைத்திருந்தேன்
தெர்மாமீட்டரை வைத்திருப்பது போல.
சுட்டது.
பிறகு இனித்தது என்று சொல்ல முடியாது,
இனிப்பு வருவதாக ஆள் விட்டது.
கடைசியில் மரம், லேசான கசப்பாக,
செருப்பை மாட்டிய பிறகும்
வாசலில் நின்று பேசுகிற விருந்தாளி.

பன்னிரண்டு வருடம் என்கிறது லேபிள்.
பீப்பாயிலிருந்து வருடாவருடம் கொஞ்சம்
காற்றோடு போய்விடுமாம்,
வெக்கை நாட்டில் கூடுதலாகவே.
எங்களுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு.
அதில் அவர் கரையில் இருந்த மாதங்களை
விரல்விட்டு எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டேன்.
இன்னொரு மூடி ஊற்றினேன்.

பாட்டிலில் அவர் போட்டுவைத்த பேனாக்கோடு
இப்போது ரம்முக்கு மேலே நிற்கிறது.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்:
பாளையங்கோட்டை வெயில்லா,
அது குடிச்சிட்டு.