ஒன்பது அங்குலம்

கடையில் மூன்று ஸ்டாண்டு.
மடக்குகிறது ஒன்று, தொட்டாலே ஆட்டம்.
சுவரில் மாட்டுகிறது ஒன்று;
என் கராஜ் சுவர் வெறும் ஜிப்சம் அட்டை,
காலண்டரையே முனகித்தான் தாங்கும்.
மூன்றாவது நல்ல கனம், நாலு இரும்புக் கால்.
"நெஞ்சு உயரத்துக்கு வரும்" என்றான் ரெய்னோ.
யார் நெஞ்சுக்கு?
சக்கர நாற்காலியில் இருப்பவளுக்கு
வாள் கண்ணுக்கு நேரே ஓடும்.

வாங்கிவிட்டேன்.

தண்டர் பேயில் மைனஸ் இருபத்திரண்டு.
ஹீட்டர் இருமி இருமிப் பற்றியது.
ஸ்டாண்டை பெஞ்சில் குப்புறப் போட்டு,
பேண்ட் சா தான் ஏறப்போகும் கால்களைத்
தானே அறுத்தது,
காலுக்கு ஒன்பது அங்குலம்.
மூன்றாவதில் ஓர் அங்குலம் கூடிப்போயிற்று;
அடியில் ஒரு ஹாக்கி பக்.

இப்போது மேசை என் முழங்கை மட்டம்.
ரெய்னோ குனிந்து பார்க்கிறான்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.