பார்வை ஒன்று, பார்வை இரண்டு

திருவாரூரில் எங்கள் அலுவலகத்துக்கு
ஒரே மாடிப்படி.
ஏறியதும் இடப்பக்கம் மாநில அரசின் வாரியம்,
வலப்பக்கம் ஒன்றிய அரசின் குழுமம்.
இரண்டுக்கும் வேலை, கடைமடையைக் காப்பது.
நடுவில் பிளைவுட் தடுப்பு.
அதற்கு மேலே பொதுவாக ஒரு மின்விசிறி
(கரண்டு பில் யார் கட்டுவது என்று
கடிதப் போக்குவரத்து நடக்கிறது).

இரண்டையும் ஒன்றாக்கப்போவதாக அறிவிப்பு வந்து
ஆறு குறுவை போய்விட்டது,
அதில் இரண்டு வயலிலேயே முளைத்துப் போனது.

டெல்லி ஒரு வரி எழுதவேண்டும்.
சென்னை அந்த வரியை ஏற்கவேண்டும்.
முதலில் ஏற்பு என்கிறது டெல்லி.
முதலில் சொத்துப் பட்டியல் என்கிறது சென்னை.
மாவட்டம் இரு கடிதங்களையும்
பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று குறித்து
என் மேசைக்கு அனுப்புகிறது.
'தொடர் நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதுகிறேன்.
என் கையெழுத்து அழகானது என்பார்கள்.

நொச்சிக்குடி வாய்க்காலில் ஒரு ஷட்டர்.
மேற்குச் சுவர் எங்கள் பதிவேட்டில்,
கிழக்குச் சுவர் தடுப்புக்கு அந்தப்புறம்.
முறிந்தது நடுவிலிருக்கும் திருகுத்தண்டு.
ஒரு சாண் தூக்கிய நிலையில் பலகை நின்றுவிட்டது.
ஆனியில் ஒரு சாண் போதாது.
ஐப்பசியில் ஒரு சாண் அதிகம்.

தில்லைக்கரசி திங்கள்தோறும் வருவார்,
ஆறு நாற்பது பஸ்ஸில்,
சேலை விளிம்பில் காயாத சேற்றோடு.
மனு அதேதான், தேதி மட்டும் புதிது.
"மேற்குச் சுவர்லேர்ந்துதானம்மா ஆரம்பிக்கணும்"
என்று ஹாஜா மைதீன் என்னிடம் அனுப்புவார்.
கிழக்குச் சுவர் ஒப்புதல் வேண்டுமென்று
நான் திருப்பி அனுப்புவேன்.
எட்டு அடிதான். நடந்தே போய்விடலாம்.

இதே ஊரில்தான் ஒரு பசு மணியடித்ததாம்,
அன்றே தீர்ப்பாம்.
பசுவிடம் யாரும் கேட்கவில்லை:
கன்று விழுந்த இடம் எந்த எல்லையில்?

ஒருநாள் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
இது ஆறு பிரிகிற நாடு.
வெண்ணாறு, வெட்டாறு, ஓடம்போக்கி,
பாமணி, கோரையாறு,
அப்புறம் பெயரில்லாத கன்னி வாய்க்கால்வரை
பிரிந்து பிரிந்துதான் நெல் விளைகிறது.
எல்லாம் ஒன்றுசேர்கிற இடம் கடல்.
அங்கே யாரும் நாற்று விடுவதில்லை.
கண்காணிப்பாளர் வேதரத்தினம்
ரப்பரை எடுத்து நீட்டினார்.

அழித்தது நல்லதுதான்.
அழகாகச் சொன்ன சாக்கு அது.

இணைந்தால் பணிமூப்புப் பட்டியலும் ஒன்றாகும்.
ஹாஜா மைதீன் எனக்குப் பதினொரு நாள் மூத்தவர்,
நோன்புக் கஞ்சியைத் தடுப்புக்கு மேலாக நீட்டுகிறவர்.
அடுத்த நாற்காலி ஒன்றே ஒன்று.
சங்கம் ஆட்சேபணைக் கடிதத்தைச் சுற்றுக்கு விட்டபோது
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
அழகான கையெழுத்து.

டெல்லியில் தாமதம், சென்னையில் தாமதம் என்று
தில்லைக்கரசியிடம் சொன்னது பொய்யில்லை.
பட்டியலில் ஓர் ஊர் விட்டுப்போயிருந்தது.

போன திங்கள் அவர் கையில் மனு இல்லை.
ஒரு ரசீது. மன்னார்குடி லேத்துப் பட்டறை,
திருகுத்தண்டு ஒன்று, நாலாயிரத்து இருநூறு.
நாற்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு நூறு.

அனுமதியின்றி அரசுச் சொத்தில் கைவைத்தல் என்று
விதி ஒன்று உண்டு.
எந்த அரசு என்பது நிலுவையில்.

"பணம் வேணாங்க" என்றார்.
"இப்ப ஏறி எறங்குது.
சரியாயிடுச்சுன்னு
எந்தப் பக்கம் எழுதிக் குடுக்கணும்?"

நான் தடுப்பைத் தட்டினேன்.
அந்தப்புறம்
நாற்காலி நகரும் சத்தம்.