மைனஸ் எண்பத்தொன்று

தை மாசம், ரப்பர் இலை முழுக்கக் கொட்டிக் கிடந்தபோது
குலசேகரத்திலிருந்து ஷிஜின் வந்து பூட்டினான்:
வீட்டு மொட்டைமாடியில் ஒரு வெள்ளைத் தட்டு,
மேல்விளை ஷீட் புரையின் கூரையில் இன்னொன்று.
நூற்றெண்பது மீட்டர். நடுவே கம்பி இல்லை.
"ரெண்டும் நேருக்கு நேர் பாத்துக்கிட்டா போதும் அக்கா."
மைனஸ் ஐம்பத்தெட்டு என்றான்; நல்ல எண்ணாம்.

ராத்திரி ஷிப்டு எனக்குப் புரையில்.
உருளை மிஷினுக்கும் ஆசிட் கேனுக்கும் இடையே மேசை.
ஏதோ தேசத்து நோயாளிகளின் பில்லுக்குக் கோடு போடுகிறேன்,
திரையின் மூலையில் ஆரோன் தூங்குகிறான்.

மாசி பிறந்தது. செம்பு நிறத்தில் தளிர்.
அழகுதான், யார் இல்லையென்றது?
எழுபது.
எழுபத்தாறு.
மழை பெய்த ஓர் இரவு எண்பத்தொன்று.

ஆரோன் எழுந்து உட்கார்ந்தான்,
வாய் திறந்தான்,
படம் அப்படியே நின்றுவிட்டது.

செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன்.
மரத்துச் சிரட்டை ஒன்று தோளில் இடித்து
தேங்கிய மழைத்தண்ணீர் முழங்கை வழியே ஒழுக,
வீட்டில் அவன் அப்பா தோளில்,
அழுது முடித்து, விக்கலோடு.
என் கையில் போன் மட்டும் இன்னும்
அந்தத் திறந்த வாயையே காட்டிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் ஷிஜினிடம் சொன்னேன்:
ஆறடி பைப் கொண்டு வா.
மரத்தில் கைவைக்க மாமனார் விடமாட்டார்,
இலை இன்னும் முற்றவேயில்லை.