கூடுதல் பயண நேரம்

டாக்டர் லோ பேனாவை எடுத்து
ஒரு நரம்பு வரைந்தார். சுற்றிலும் ஓர் உறை.
"கேபிள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்,
மேலுறை அங்கங்கே உரிந்திருக்கிறது."

நான் சிரித்துவிட்டேன்.
பதினோரு வருடமாக என் வேலையே அதுதான், டாக்டர்.
கடைசி ரயில் போனபின் தண்டவாளத்தில் இறங்கி
எலி கடித்த இடம், ஈரம் புகுந்த இடம்
தேடிப் பிடித்து, வெட்டி, புதிதாய் இணைத்து
முதல் ரயிலுக்குமுன் மேலேறிவிடுவோம்.
இதற்கு எத்தனை மீட்டர் வேண்டும், சொல்லுங்கள்.

அவர் சிரிக்கவில்லை.
திரையில் என் மூளை.
சுண்ணாம்பு விரலால் யாரோ
தொட்டுத் தொட்டுப் போன வெள்ளைப் புள்ளிகள்.
"உரித்தது வெளியாள் இல்லை," என்றார்,
"உங்கள் காவலர்களே."

முதலில் போனது சிவப்பு.
இடக்கண்ணை மூடினால் சிக்னல் சிவப்பு.
வலக்கண்ணை மூடினால்
பலமுறை துவைத்த சட்டையின் சிவப்பு.
ஆறு வாரத்தில் திரும்பி வந்தது, முக்கால்வாசி.
அப்புறம், குனிந்தால்
கழுத்திலிருந்து முதுகு வழியே ஒரு மின்னல்.
மின்சாரம் நிறுத்திய தண்டவாளத்தில்
ஷாக் அடித்தது என்று கத்தியவன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
ஹலீம் மீட்டரைக் காட்டினான்: சைபர்.

இரவு வேலை போயிற்று.
இப்போது பீஷான் டிப்போவில் நாற்காலி, வரைபடங்கள், ஏர்கான்.

இந்த ஊர் வெயிலுக்கு என் கால்களை நன்றாகத் தெரியும்.
யீஷூன் நிலையத்திலிருந்து என் புளோக் வரை
எண்ணூற்றுச் சொச்சம் அடி.
காலையில் எண்ணுவதே இல்லை.
சனிக்கிழமை மதியம், நூற்றைம்பதாவது அடியில்
வலது பாதம் சொன்னதைக் கேட்காது.
இடது கண்ணில் தெரு கரையும்.
'புதிதாய் ஏதும் உடையவில்லை, சூடுதான்,
குளிர்ந்தால் தெளியும்' என்று
நர்ஸ் சொன்னதை முணுமுணுத்தபடி
மினிமார்ட்டில் நுழைந்து
குளிர்பெட்டிக் கதவைத் திறந்து நிற்பேன்.
மைலோவா சோயா பாலா என்று
ரொம்ப நேரம் யோசிப்பவன்போல.
கல்லாப் பெண் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நொவீனாவில்
சொட்டுச் சொட்டாய் மருந்து.
பழையதை அது ஒட்டாது.
இனி உரிக்க வருபவர்களை நிறுத்தும், அவ்வளவே.
பக்கத்து நாற்காலியில் ஷு லிங், இருபத்து நாலு வயது,
வேறு பெயருள்ள நோய், கண்ணும் முதுகுத்தண்டும்.
"அங்கிள், உங்களுக்குப் புள்ளி எத்தனை?"
லாட்டரி நம்பர் கேட்பதுபோல் கேட்டாள்.
"பதினேழு."
"எனக்கு ஒன்றுதான். ஆனால் இவ்வளவு நீளம்."
சிரித்த சிரிப்பில் குழாய் மடங்கி அலாரம் அடித்தது.

செண்பகா என்னிடம் கோபித்தது ஒரே ஒரு முறை.
அன்று நல்ல நாள், கால்கள் பேச்சுக் கேட்டன.
ஜன்னல் துடைத்தேன், மின்விசிறியைக் கழற்றிக் கழுவினேன்,
தேக்காவுக்குப் போய்க் கொடுவா மீன் வாங்கிவந்தேன்.
திங்கள், செவ்வாய், புதன் படுக்கை.
"நல்ல நாளை மொத்தமாச் செலவழிக்காதே," என்றாள்,
"வட்டி கட்டுறது நானும்தான்."

இன்று ரயிலில், ஒதுக்கிய இருக்கையில் நான்.
நாற்பத்தொரு வயது, அகலத் தோள்.
எதிரே நிற்பவர் என்னைப் பார்க்கிறார்,
தலைக்குமேல் ஒட்டிய படத்தைப் பார்க்கிறார்,
மறுபடி என்னை.
படத்தில் கைத்தடி உண்டு, நிறைமாதப் பெண் உண்டு,
கைக்குழந்தை உண்டு.
எழுந்துவிடலாமா என்று தோன்றுகிறது.
எழவில்லை. அதற்கே இரண்டு வருடம் பழக வேண்டியிருந்தது.

இயோ சூ காங் தாண்டியதும் ரயில் நிற்கிறது.
நான்கு மொழியிலும் வருகிறது குரல்:
சிக்னல் கோளாறு,
கூடுதலாக இருபது நிமிடப் பயண நேரம்.
பெட்டி முழுக்கப் பெருமூச்சு, கைபேசிகள்.
இந்நேரம் எந்தப் பெட்டியைத் திறப்பார்கள்,
யார் யாரைத் திட்டுவார்கள், எனக்குத் தெரியும்.

ஷூவுக்குள் வலது பெருவிரலை
அசையச் சொல்கிறேன்.
காத்திருக்கிறேன்.
கொஞ்சம் பொறுத்து
அசைகிறது.